அத்தியாயம் 7: ஏரிக்கரையில் தொடங்கும் மலை

எண்ணெய் வண்ணத்தில் மலைக்காட்சி வரைய ஆசைப்படும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் பலரும் சொல்லும் தடை ஒன்றுதான்: எங்கள் பக்கம் மலை எங்கே இருக்கிறது? இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது.

மலைக்காட்சிக்கு மூன்று தேர்ச்சிகள் வேண்டும். தூரத்தைக் காட்டத் தெரிய வேண்டும். கனமான ஒரு திரளைத் தரையில் ஊன்றி நிறுத்தத் தெரிய வேண்டும். அந்தத் திரளில் ஓர் உணர்ச்சியை ஏற்றத் தெரிய வேண்டும். தூரத்தைச் செம்பரம்பாக்கம் ஏரி கற்றுத்தரும். திரளைக் கற்றுத்தர ஏரிக்குக் கிழக்கே குன்றத்தூர் முருகன் கோயில் குன்று இருக்கிறது. அதற்கும் அப்பால் பல்லாவரம், திருசூலம், பரங்கிமலைக் குன்றுகள் இருக்கின்றன. உணர்ச்சியை நிலத்தில் ஏற்றும் வித்தையோ சங்கப் புலவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. இந்த மூன்றையும் உள்ளூரிலேயே பழகியவர் பெரிய மலையின் முன் நிற்கும்போது திகைக்க மாட்டார். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் உரிப்பொருள்

உணர்ச்சியுள்ள நிலக்காட்சி என்றதும் வண்ணத்தை வாரி அப்புவதும் தூரிகையை வேகமாக வீசுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வேகம் உணர்ச்சியைத் தராது. ஒரு தீர்மானத்தை எடுத்து, படத்தின் எல்லாப் பகுதிகளையும் அதற்குக் கட்டுப்படுத்தினால்தான் உணர்ச்சி பிறக்கும்.

இந்தத் தீர்மானத்தை எடுக்கத் தொல்காப்பியத்தின் திணை வகுப்பைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மன நிலை உரிப்பொருள். ஓவியர் இந்த மூன்றையும் கடைசியிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் உரிப்பொருள்: இந்தப் படம் நெருக்கத்தைச் சொல்கிறதா, பிரிவைச் சொல்கிறதா, காத்திருத்தலைச் சொல்கிறதா? அடுத்து, அதற்கு ஏற்ற பருவமும் பொழுதும். கடைசியில், படத்தில் இடம்பெறும் மரமும் பாறையும் பறவையும். மாணவர்களில் பலர் கடைசிப் படியை முதலில் செய்துவிடுகிறார்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு மரத்தையும் வரைந்து முடித்த பிறகு, இந்தப் படம் என்ன சொல்கிறது என்று தேடுகிறார்கள்.

மலைக்கு உரிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பருவங்கள், யாமம் பொழுது, புணர்தல் உரிப்பொருள். பாலைக்கு வேனில் பருவம், நண்பகல் பொழுது, பிரிதல் உரிப்பொருள். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் அதுவே பாலை ஆகிவிடும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மலை ஓவியருக்கு இது பெரிய செய்தி. கார்த்திகை மழையில் கருத்து நனைந்து நிற்கும் பல்லாவரம் குன்று குறிஞ்சி. அதே குன்று சித்திரை நண்பகலில் கானல் பறக்க நின்றால் பாலை. மலை மாறவில்லை, படம் முற்றிலும் மாறிவிடுகிறது.

ஆகவே ஈசலை விரிப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக: பிரிவு. சித்திரை, நண்பகல். வெறும் பாறை, ஒற்றைப் பனை, ஒரு பருந்து. இந்தத் தாளை ஈசலில் ஒட்டிவையுங்கள். வரையும்போது சந்தேகம் வந்தால் குன்றைப் பார்க்கும் முன் இந்தத் தாளைப் பாருங்கள்.

தேவையான பொருட்கள்

வண்ணங்கள் எட்டு போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை. வெள்ளை மட்டும் பெரிய டியூப் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் சீக்கிரம் தீரும். ஜிங்க் வெள்ளையை அடிப்பூச்சுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது நொறுங்கும் தன்மை பெறும். கறுப்பு டியூப் தேவையில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் ஆழ்ந்த கருமை கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான சாம்பல். மலை ஓவியத்தில் பாதி வேலையை இந்த ஒரு கலவையே செய்துவிடும்.

தூரிகையில் பன்றி முடி பிரஷ்தான் வேண்டும். தட்டை வடிவில் 4, 8, 12 ஆம் எண்கள் போதும். மெல்லிய பிரஷ் எதையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். கையில் இருந்தால் நுணுக்கத்தில் இறங்கிவிடத் தோன்றும். கரண்டி வளைவுள்ள பேலட் கத்தி ஒன்று, பழைய பருத்தித் துணி, மூடி உள்ள சிறு டப்பாக்கள் இரண்டு. பயிற்சிக்கு 6×8 அங்குலக் கேன்வாஸ் போர்டு, முழுப் படத்துக்கு 12×16 அல்லது 16×20 அங்குலக் கேன்வாஸ்.

வண்ணத்தை நீர்க்கச் செய்ய ஓவியருக்கான டர்பன்டைன், கொழுமையாக்க லின்சீட் ஆயில் எனப்படும் ஆளி விதை எண்ணெய். ஹார்டுவேர் கடைத் தின்னரையும் மண்ணெண்ணெயையும் வண்ணத்தில் கலக்காதீர்கள். ஒரு விதி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்: கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேல்பூச்சில் எண்ணெய் அதிகம். ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாக இறுகும். அது கீழே இருந்து, சீக்கிரம் இறுகும் பூச்சு மேலே வந்தால் படம் வெடிக்கும்.

ஏரி கற்றுத்தரும் பாடம்: தூரம்

கரையில் நின்று மேற்கே பாருங்கள். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அக்கரை மீது விழும். மாலையில் சூரியன் நீருக்கு மேல் உங்களை நோக்கி இருக்கும். அக்கரை மரங்கள் நிழலுருவாகிவிடும். இரண்டு நேரத்திலும் கண்முன் இருப்பவை சில கிடைமட்டப் பட்டைகள்தான்: வானம், அக்கரை, நீர், இக்கரைக் கல். ஏரியின் முழு ஆழம் 24 அடி. நிரம்பியிருக்கும் நாளில் நீர் கரைக் கற்களைத் தொட்டு நிற்கும், பட்டைகள் குறைவு. கோடையில் நீர் உள்வாங்கிய பிறகு ஈர மண், புல், வெடித்த சேறு என்று பட்டைகள் பெருகும். தொடங்குபவருக்கு நிரம்பிய ஏரி எளிது. பழகியவருக்குக் கோடை ஏரி வளமானது.

இங்கே முதல் சில வாரங்கள் வண்ணமே வேண்டாம். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றையும் கொண்டு ஐந்து டோன்கள் கலந்து வையுங்கள். வெள்ளைக்கு அருகில் இருப்பது ஒன்று, கருமைக்கு அருகில் இருப்பது ஐந்து. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு பட்டைக்கும் எந்த எண் என்று தீர்மானித்து, 6×8 போர்டில் அந்தப் பட்டையை ஒரே டோனில் நிரப்புங்கள். வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு படத்துக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் இதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார். வெளிச்சத்தின் ஊற்றான வானம் பொதுவாக மிக வெளிச்சமானது. வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் தரை அடுத்தது. சாய்ந்து நிற்கும் மலைச்சரிவு அதைவிட இருண்டது. நிமிர்ந்து நிற்கும் மரம் எல்லாவற்றிலும் இருண்டது. மலை என்பது சாய்வான தளம் என்ற இந்த ஒரு அறிவு பல படங்களைக் காப்பாற்றும். முன்னால் நிற்கும் பனைமரத்துக்குக் கொடுத்த கருமையைப் பின்னால் இருக்கும் மலைக்கும் கொடுத்தால், மலை மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

அடுத்தது காற்று. தொலைவிலுள்ள பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. தெளிந்த காற்றில் நீலம்தான் அதிகம் சிதறும். அதனால்தான் தொலைமலை நீலமாகத் தெரிகிறது. சென்னையின் காற்றில் கடல் ஈரமும் தூசியும் புகையும் கலந்திருக்கின்றன. இந்தப் பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால், இங்கே தூரம் பெரும்பாலும் நீலமாவதற்கு மாறாக வெளிறிய சாம்பலாகிறது. இமயமலைப் படங்களைப் பார்த்துப் பழகிய கை இதை ஏற்க மறுத்து நீலத்தை அள்ளும். கண்ணை நம்புங்கள். மழை ஓய்ந்த மறுநாள் அதே தூரம் உண்மையிலேயே நீலமாகத் தெரியும். அன்று நீலம் போடுங்கள்.

தூரம் கூடும்போது முதலில் மாறுவது நிழல்தான். அருகே ஐந்தாம் எண்ணில் இருக்கும் நிழல் அக்கரையில் மூன்றாகிவிடும். வெயில் விழுந்த பகுதி அவ்வளவு மாறாது. எனவே தொலைமலையை வரைய வேண்டுமானால் அதன் நிழலை வெளிறச் செய்யுங்கள். முழு மலையிலும் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் உயிரற்றுப் போகும்.

நீரில் விழும் பிம்பத்துக்கும் ஒரு விதி உண்டு. இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிச்சமாகவும், வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று இருண்டும் விழும்.

ஏரிக்கரையில் பொதுமக்கள் செல்ல அனுமதி உள்ள இடத்தில் மட்டும் அமருங்கள். மதகுகளுக்கும் உபரிநீர்ப் பாதைக்கும் அருகே ஈசலை விரிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் திறப்பு அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி இது. டர்பன்டைனோ வண்ணமோ ஒரு சொட்டும் நீரில் கலக்கக் கூடாது. அழுக்குத் துணியையும் டப்பாவையும் வீட்டுக்கே எடுத்துவாருங்கள்.

குன்று கற்றுத்தரும் பாடம்: திரள்

குன்றத்தூர் குன்று சின்னது. அதனால்தான் அது நல்ல மாதிரி. ஒரே நாளில் சுற்றிவந்து எல்லாப் பக்கங்களையும் பார்த்துவிடலாம். பெரிய மலையில் இது நடக்காது. மேலே ஏறிக் கிழக்கே திரும்பினால் பல்லாவரம், திருசூலம் பக்கத்துக் குன்றுகளைத் தொலைவில் வைத்துப் படிக்கலாம். மாலை வெயில் அவற்றின் மேற்குச் சரிவில் நேராக விழும் நேரம் சிறந்தது.

இந்தக் குன்றுகளின் கல்லைத் தெரிந்துகொள்வது வண்ணம் கலக்க உதவும். இது சார்னோக்கைட் என்ற பாறை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலையும் பல்லாவரமும் இந்தப் பாறைக்கு உலகறிந்த மாதிரி இடங்கள். புதிதாக உடைத்த கல் நீலம் கலந்த கருஞ்சாம்பலாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். கட்டட வேலைக்காரர்கள் புளூ மெட்டல் என்று சொல்லும் ஜல்லி இதுதான். வெயிலிலும் மழையிலும் நாள்பட்ட மேற்பரப்போ பழுப்பும் செம்மையுமாக மாறியிருக்கும். ஆகவே ஒரே குன்றில் இரண்டு நிறக் குடும்பங்கள்: கல்குவாரி வெட்டிய முகத்தில் அல்ட்ராமரைன் மிகுந்த சாம்பல், பழைய மேற்பரப்பில் பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் மிகுந்த சாம்பல். குளிர்ந்ததும் வெதுவெதுப்பானதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பாறைக்கு உயிர் வந்துவிடும்.

சரிவில் மண்டியிருக்கும் புதர்ப் பச்சைக்கு விரிடியனை நேரடியாகப் போடாதீர்கள். அல்ட்ராமரைனில் ஓக்கர் கலந்தால் மங்கிய பச்சை கிடைக்கும். நாம் கலந்த கருமையில் லெமன் மஞ்சள் சேர்த்தால் கருவேலம் போன்ற முள்மரங்களின் ஆலிவ் பச்சை வரும். விரிடியன் மழைக்காலத்துத் தளிருக்கு மட்டும் கொஞ்சம் போதும்.

திரளைக் காட்டும் வழி, மலையைச் சில பெரிய முகங்களாகப் பிரிப்பது. வெயில் விழும் முகம், வெயில் வழுக்கிச் செல்லும் முகம், நிழல் முகம். எந்தக் குன்றும் இந்த மூன்றுக்குள் அடங்கும். நிக்கோலஸ் ரோரிக் 1928 முதல் 1947இல் இறக்கும்வரை குலு பள்ளத்தாக்கின் நக்கரில் வாழ்ந்து இமயத்தை வரைந்தார். அவர் பெரும்பாலும் டெம்பரா வண்ணத்தில் வரைந்தவர் என்றாலும், மாபெரும் சிகரங்களைச் சில தட்டையான நிறப்பரப்புகளாகச் சுருக்கிய அவர் முறை எண்ணெய் வண்ணத்துக்கும் பொருந்தும். செசான் இன்னொரு வழி காட்டினார். தெற்கு பிரான்சில் தன் ஊருக்கு அருகிலிருந்த சான் விக்துவார் மலையை 1906இல் இறக்கும்வரை திரும்பத் திரும்ப வரைந்தார். பிற்காலப் படங்களில் வானமும் மலையும் வயலும் ஒரே வகையான சிறு வண்ணத் திட்டுகளால் ஆனவை. அதனால் மலை வானத்திலிருந்து வெட்டி ஒட்டியதாகத் தெரியாமல், அந்த வெளியின் ஒரு பகுதியாகவே நிற்கிறது. உலகம் சுற்றாமல் ஒரே உள்ளூர் மலையிடம் அவர் கற்றார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படத்தை எழுப்பும் முறை

1792இல் தமிழகத்தில் பயணம் செய்த தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மலைகளையும் அருவிகளையும் கோட்டைகளையும் நேரில் கோட்டோவியமாக எடுத்து, பின்னர் இங்கிலாந்தில் முழுப் படங்களாக்கினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நேரில் 6×8 டோன் படமும் ஒரு நிறக் குறிப்பும் எடுத்துக்கொண்டு, பெரிய படத்தை வீட்டில் வரையுங்கள். கைபேசிப் படத்தை வடிவத்துக்கு மட்டும் பாருங்கள். கேமரா நிழலைக் கருமையாக்கி, வானத்தை வெளுத்துவிடும்; அதன் டோனை நம்பக் கூடாது.

ஒன்று: அடிநிறம். வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக வரையாதீர்கள். குறிஞ்சிப் படத்துக்குப் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் தேயுங்கள். மேலே வரும் ஈரப் பச்சைகளுக்கு இடையே அந்தச் செம்மை கசிந்து கதகதப்பு தரும். பாலைப் படத்துக்கு நீலச் சாம்பல் அடிநிறம். அதன் மேல் வெயில் நிறங்கள் சுடும்.

இரண்டு: இட அமைப்பு. தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காதீர்கள். கீழே இறக்கினால் மலை உயரும். உச்சியை நட்டநடுவில் நிறுத்தாமல் சற்று ஒதுக்குங்கள். சின்னக் குன்றைப் பெரிய மலையாகக் காட்ட விரும்பினால் தாழ உட்கார்ந்து பாருங்கள். உச்சியைப் படத்தின் மேல் விளிம்புக்கு நெருக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். அடிவாரத்தில் ஒரு பனையைச் சிறிதாக வையுங்கள். பார்ப்பவர் பனையை வைத்துத்தான் மலையை அளப்பார். இது பொய்யாகாது. உங்கள் மூன்று வரித் தாள் கேட்கும் மாற்றம் எதையும் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று: நிழல்கள். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் சேர்த்து நீர்க்கக் கரைத்து, நிழல் முகங்களை மட்டும் அடைத்துவிடுங்கள். சிதறிக் கிடக்கும் நிழல்களை ஒன்றோடொன்று இணையுங்கள். இந்த நிலையிலேயே பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப அமையுங்கள். எண்ணெய் வண்ணம் தரும் பெரிய சலுகை இது. அம்பரில் உள்ள மாங்கனீசு அதைச் சீக்கிரம் உலரச் செய்வதால் அடிப்பூச்சுக்கு அது மிகப் பொருத்தம்.

நான்கு: வானமும் மலை விளிம்பும். வானத்தையும் மலையையும் ஒரே அமர்வில், ஈரத்தோடு ஈரமாக வரையுங்கள். விளிம்பு முழுவதையும் ஒரே கூர்மையில் வைக்காதீர்கள். ஓரிடத்தில் கத்தி முனையாக, ஓரிடத்தில் பிரஷால் வானத்துக்குள் இழுத்து மங்கலாக. கூர்மையான இடத்துக்குக் கண் தானே போகும். அந்த இடம் எது என்பதையும் உங்கள் உரிப்பொருள்தான் சொல்ல வேண்டும். குறிஞ்சியில் பெரும்பாலான விளிம்புகள் மேகத்தில் கரையட்டும். பாலையில் பெரும்பாலானவை வெட்டென நிற்கட்டும்.

ஐந்து: வெளிச்சப் பகுதிகள். இப்போது வண்ணம் வெண்ணெய்ப் பதத்தில் இருக்க வேண்டும். நிழல் மெல்லிதாக இருக்க, வெளிச்சம் தடிமனாக உட்காரட்டும். பிரஷ் வீச்சு சரிவின் போக்கில் போக வேண்டும். மழைநீர் அந்தச் சரிவில் எப்படி இறங்குமோ அதே திசையில் கையை இழுங்கள். மலையின் கனம் இந்த வீச்சிலிருந்துதான் வருகிறது.

ஆறு: கத்தி. பேலட் கத்தியின் அடியில் எண்ணெய் சேர்க்காத வண்ணத்தை எடுத்து, உலரத் தொடங்கிய பரப்பின் மேல் ஒரே இழுப்பாக இழுங்கள். வண்ணம் மேடான இடங்களில் ஒட்டும், பள்ளங்களில் அடிநிறம் தெரியும். பாறைக்கு இதைவிடச் சிறந்த உத்தி இல்லை. ஒரு முறை இழுத்த இடத்தை மறுபடி தொட வேண்டாம். கத்தியின் விளிம்பால் ஈர வண்ணத்தைச் சுரண்டினால் வெடிப்பும் ஓடைத்தடமும் கிடைக்கும். கத்தி வேலை படத்தின் முக்கிய இடத்தில் மட்டும் இருக்கட்டும். எங்கும் பரவினால் எதுவும் முக்கியமாகாது.

ஏழு: நிறுத்துதல். மூன்று வரித் தாளை எடுத்துப் படியுங்கள். அது சொன்னதைப் படம் சொல்லிவிட்டதென்றால் நிறுத்துங்கள். வரையாத புதரும் பாறையும் மிச்சமிருந்தால் பரவாயில்லை.

அடிக்கடி வரும் குறைகள்

மலை தட்டையாகத் தெரிந்தால், வெயில் முகத்துக்கும் நிழல் முகத்துக்கும் டோன் வேறுபாடு போதவில்லை. நிறத்தை மாற்றாமல் டோனை மாற்றுங்கள்.

மலை முன்னால் வந்து விழுந்தால், அதன் நிழல் முன்னணி மரத்தளவு இருண்டிருக்கிறது.

நிறங்கள் சேறானால், பேலட்டில் மூன்றுக்கு மேற்பட்ட வண்ணங்களைக் கலந்திருப்பீர்கள், அல்லது கேன்வாஸில் ஒரே இடத்தைப் பலமுறை தேய்த்திருப்பீர்கள். அந்த இடத்தைக் கத்தியால் வழித்துவிட்டுப் புதிய வண்ணம் வையுங்கள்.

மலைகள் ஒரே அளவான முக்கோணங்களாக வரிசை கட்டினால், கை நினைவிலிருந்து வரைகிறது. திரும்பிப் போய்க் குன்றைப் பாருங்கள். அதன் இரண்டு சரிவுகள் ஒன்றுபோல் இருக்காது.

உலர்த்துதலும் பாதுகாப்பும்

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எண்ணெய் வண்ணம் மெதுவாக இறுகும். கேன்வாஸில் பூஞ்சையும் பிடிக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டாமல், காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறையில் நிறுத்துங்கள். பீரோவுக்குப் பின்னால் இருட்டில் வைத்தால் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும். நேர் வெயிலும் வேண்டாம். மெல்லிய படத்துக்கு ஆறு மாதமும், தடித்த பூச்சுக்கு ஓராண்டும் கழிந்த பிறகே வார்னிஷ் அடியுங்கள்.

ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து. எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும்; சுருண்ட துணியில் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கலாம். சென்னைக் கோடையில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். துணியை வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். டர்பன்டைனால் கை கழுவாதீர்கள். கையிலும் பிரஷிலும் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டால் வண்ணம் போய்விடும்.

அடுத்த மலைகள்

எண்ணெய் வண்ணத்தின் பரப்பை நெருங்கிப் பார்க்க, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ரவி வர்மாவின் ஓவியங்களைப் பாருங்கள். முறையான பயிற்சி வேண்டுபவர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி அது.

உள்ளூர்க் குன்று கைவசமான பிறகு வெளியே கிளம்புங்கள். செஞ்சியில் உருண்டைப் பாறைகள் குவிந்த ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி குன்றுகள் கத்தி வேலைக்கு ஏற்றவை. திருவண்ணாமலை 2,668 அடி உயரத்தில் சமவெளியிலிருந்து தனித்து எழுகிறது. ஒரே திரளைப் பல பொழுதுகளில் வரைய விரும்புபவர்கள் அங்கே தங்கலாம். அடுக்கடுக்கான மலைகளுக்குச் செம்பரம்பாக்கம் வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையே போதும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையும், அதைத் தாண்டி ஏலகிரியும் வரும். ஏரியின் அக்கரைப் பட்டைகளில் பழகிய ஐந்து டோன்களும் அங்கே மலை வரிசைகளாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

இந்த அத்தியாயத்தின் பயிற்சி

குன்றத்தூர் அல்லது பல்லாவரம் பக்கத்துக் குன்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதே கோணத்தில், அதே 12×16 அளவில் இரண்டு படங்கள் வரையுங்கள். ஒன்று குறிஞ்சி: மழைக்காலம், அந்தி கடந்த இருட்டு, மூன்று முதல் ஐந்து வரையிலான டோன்கள் மட்டும், கரையும் விளிம்புகள். மற்றது பாலை: கோடை, நண்பகல், ஒன்று முதல் மூன்று வரையிலான டோன்களில் பெரும்பகுதி, ஐந்தாம் எண்ணில் ஒரே ஒரு நிழல், வெட்டென நிற்கும் விளிம்புகள். இரண்டு பருவங்களிலும் நேரில் குறிப்பெடுத்துத்தான் வரைய வேண்டும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடிக்காதீர்கள்.

இரண்டும் உலர்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓவியம் பழகாத ஒருவரை அழைத்து, இதில் எது நெருக்கம், எது பிரிவு என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்காமல் கை காட்டினால், எந்த மலையின் முன்னும் ஈசலை விரிக்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. தயங்கினால் டோன்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.